ரொட்டி அண்ணன் காத்திருந்த சொல்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மாசாய் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த நான்கு ஆண்டுகளும் வாரத்துக்கு ஆறு நாள் அவரிடம் ரொட்டி வாங்கினேன். கைப்பேசியில் அவர் எண்ணை ‘ரொட்டி அண்ணன்’ என்றுதான் போட்டு வைத்திருந்தேன். மலாய்க்கார வீடுகளிலும் அண்ணன்தான், ‘அபாங் ரொட்டி’. மூலைவீட்டுச் சீனப் பெரியவருக்கு வெறும் ‘ரொட்டி’. ஒருமுறை பெயரைக் கேட்டபோது, “அ..அதுலதான் தங்கச்சி ரொம்ப மா..மாட்டிக்கும்” என்று சிரித்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அவருக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் கொஞ்சம் உண்டு, ககரத்தில் அதிகம். ரொட்டி விற்கிறவருக்கு இது பெரிய சோதனை. காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் வைத்த பன், கடலை பன், கெலாப்பா என்று நாங்கள் சொல்லும் தேங்காய்ப்பூ பன் என்று அவர் பெட்டியில் இருந்தவற்றில் பாதி ககரத்தில்தான் தொடங்கும். பொட்டலத்தை எடுத்துக் காட்டினால் வேலை முடிந்தது. அவர் காட்ட மாட்டார். எவ்வளவு நேரம் பிடித்தாலும் வாயால் சொல்லிவிட்டுத்தான் கையில் எடுப்பார்.

நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி, பெட்டியைச் சுற்றி நொறுக்குத் தீனிப் பொட்டலங்கள் குலை குலையாகத் தொங்கும். கைப்பிடியில் ரப்பர் ஹார்ன். மாலை ஐந்து மணிக்கு எங்கள் தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், ‘போங், போங்’ என்று நுழைவார். மற்ற ரொட்டிக்காரர்கள் எஞ்சின் ஓட ஓடவே வியாபாரத்தை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சினை அணைப்பார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டால், “இ..இரைச்சல்ல பேசினா அவசரம் வந்துரும் தங்கச்சி” என்றார். அவசரம் அவருக்கா, நமக்கா என்று சொல்லவில்லை. இதனால் கடைசி வரிசைக்கு அவர் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். அந்த வரிசைப் பெண்கள் அவரைத் திட்டாத நாளில்லை.

நாய்களிடம் மட்டும் அவர் திக்கியதே இல்லை. எங்கள் தாமானில் மூன்று தெருநாய்கள் மோட்டாரைத் துரத்தும். வண்டியை நிறுத்தி, திரும்பி, இடுப்பில் கை வைத்து, மலாயில் மூன்று நிமிடம் ஒரு தடங்கலும் இல்லாமல் புத்திமதி சொல்வார். நாய்கள் உட்கார்ந்து கேட்கும். கைப்பேசி அழைப்பை எடுக்கவே மாட்டார். அழைத்தால் குறுஞ்செய்தி வரும்: “வணக்கம் தங்கச்சி. இன்று கடும் மழை. ஆறு மணிக்கு மேல்தான் வர இயலும். சிரமத்திற்கு மன்னிக்கவும்.” எங்கள் தாமானில் அவ்வளவு சுத்தமான தமிழ் வேறு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மூலைவீட்டுச் சீனப் பெரியவர் கதையைச் சொன்னால்தான் அவரைப் புரியும். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு இழுத்துக்கொண்டது. தினமும் மனைவி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, சிவப்புக் கடலை பன் ஒன்று வாங்கிக் கொடுப்பார். ரொட்டி அண்ணன் அந்தத் தடத்துக்குப் புதிதாக வந்த வாரம், அந்த அம்மா வழக்கம்போலச் சிவப்புக் கடலை பன் கேட்டிருக்கிறார். இவர் பெரியவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, “அ..அங்கிள் மாவ் அப்பா?” என்று கேட்டார். அங்கிளுக்கு என்ன வேண்டும் என்று. அந்த அம்மா சிவப்புக் கடலைதான் என்று மறுபடி சொன்னார். இவர் தலையாட்டினார், ஆனால் பார்வை பெரியவர் முகத்திலேயே இருந்தது. அரை நிமிடம், ஒரு நிமிடம். பெரியவர் வாய் கோணி, உதடு நடுங்கி, கடைசியில், “கெ..லா..ப்பா” என்றார். தேங்காய்ப்பூ பன். எட்டு மாதமாக அந்த மனிதர் பிடிக்காத ரொட்டியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். மனைவி ஓவென்று அழுதுவிட்டார், பிறகு சிரித்தார். இதைத் தெருவே ஒரு வாரம் பேசியது.

எனக்கு அவர் முக்கியமானவர் ஆனது என் மகனால்.

மகன் எம்சிஓ என்ற கொரோனா ஊரடங்குக் காலத்துப் பிள்ளை. வெளியே யாரும் யாரையும் பார்க்காத மாதங்களில் பிறந்து, என் முகத்தையும் சுவரையும் பார்த்து வளர்ந்தவன். கணவர் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்னே மோட்டாரில் பாலத்தைத் தாண்டப் போய்விடுவார், திரும்பும்போது பிள்ளை தூங்கியிருப்பான். இரண்டு வயதாகியும் அவன் பேசவில்லை. ‘டா’ என்று ஒரே ஒரு சத்தம். தண்ணீர் டா, விசிறி டா, பூனை டா, அப்பாவும் டா.

இரண்டு வயது பரிசோதனைக்குக் கிளினிக்குப் போனபோது மிஸி, அங்கிருந்த நர்ஸ், கேட்டார்: “எத்தனை வார்த்தை பேசுறாரு?”

“ஒரு பத்து இருக்கும் மிஸி.”

“சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

நான் ‘டா’ என்றேன். பிறகு ‘ம்மா’ என்றேன், அதுகூடப் பாதி பொய். அழும்போது எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் அழும். மூன்றாவதற்கு நான் கூரையைப் பார்த்தேன். மிஸி பேனாவை மூடி வைத்துவிட்டு, காது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். காது நன்றாகவே கேட்டது. பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தோம். ஐந்து மாதம் கழித்துத்தான் முறை வரும் என்றார்கள்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. நல்ல மனுஷி. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரும். ஆனால் யார் எதைப் பேசத் தொடங்கினாலும் அக்காவே அதை முடித்துவைப்பார். அவருடைய கடைசிப் பெண் என் மகனைவிட ஒரு மாதம் இளையவள். சத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணுவாள், ஆங்கிலத்தில் நிறம் சொல்வாள், தமிழில் என்னைத் திட்டுவாள். அக்கா அவளைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, “ஆண்ட்டிக்கு ஒரு பாட்டு பாடிக் காட்டு லா” என்பார். அவள் பாடுவாள். நான் கைதட்டிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவேன், கழுவின பாத்திரத்தையே திரும்பவும்.

ரொட்டி அண்ணன் என் மகனிடமும் அதையேதான் செய்தார். எஞ்சினை அணைத்து, குந்தி உட்கார்ந்து, “எ..என்ன வேணும் தம்பி?”

மகன் சாக்லேட் பன்னைக் காட்டி, “டா” என்பான்.

“சாக்லேட் பன் குடுங்கண்ணே” என்பேன் நான்.

“கேட்டது த..தம்பிகிட்ட.”

கடுமையாகச் சொல்ல மாட்டார். மகன் முகத்தையே, ஏதோ நல்ல செய்தி வரப்போகிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக வந்தது. அடுப்பில் சாதம் இருக்கும். மகன் அவரையே பார்ப்பான், வாயைத் திறப்பான், மூடுவான். அவன் பார்வை வேறு பக்கம் போனதும் அவர் பன்னை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரு நாளும் கொடுக்காமல் போனதில்லை. “சரி, நா..நாளைக்கு” என்று எழுந்து மோட்டாரை மிதிப்பார்.

அப்படி மூன்று மாதம்.

நான்காம் மாதத்தில் ஒரு நாள். ரொட்டி அண்ணன் பன்னைக் கொடுத்துவிட்டு மோட்டாரில் ஏறிக்கொண்டிருக்கிறார். மகன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெளிவாக, “நா..நாளைக்கு” என்றான்.

நான் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். ரொட்டி அண்ணன் மோட்டாரிலிருந்து இறங்கி, மறுபடி குந்தி உட்கார்ந்து, பெரிய மனிதருக்குப் பதில் சொல்வதுபோல, “க..கண்டிப்பா வரேன்” என்றார். கணவருக்குச் செய்தி அனுப்பினேன். வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொடாத மனிதர், கழிவறைக்குள் போய் அழைத்தார். “என்ன சொன்னான்? எப்படிச் சொன்னான்? நீ சொல்லிக் காட்டு.” நான் சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்தார். “முதல் வார்த்தையே நாளைக்கா? சரியான அரசாங்க ஆபீசரு லா.”

பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கவில்லை. “எல்லாம் சரிதான். ஆனா அந்த ‘நா, நா’ எங்கேருந்து வந்துச்சு? ரெண்டு தடவ சொன்னான், கேட்டியா? அது அவன் வாய். திக்குவாய் பழகிட்டா அப்புறம் போகாது. எங்க எஸ்டேட்ல ஒருத்தன் இப்படித்தான் வெளையாட்டாப் பேசி...” அந்த ஒருத்தனுக்கு என்ன ஆனது என்பதை அக்கா தலையை ஆட்டியே சொல்லி முடித்தார்.

அப்போது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொற்கள் வரத் தொடங்கியிருந்தன. கைப்பேசியில் பட்டியல் போட்டேன். பன். மோட்டா. போங், அது ஹார்ன். வேணாம். பூனைக்கு ‘ஊனை’. இன்னொண்ணு. விளக்கை அணைத்தால், ‘முடிஞ்சி’. எறும்பைப் பார்த்தால், ‘ஏன்?’ எறும்பிடம்தான் அந்தக் கேள்வி. ரொட்டி அண்ணன் தினமும் வந்ததும் என்னிடம், “இ..இன்னைக்கு என்ன புதுசு?” என்பார். நான் பட்டியலைப் படிப்பேன். ‘ஊனை’யைக் கேட்டு அப்படியே மதித்துத் தலையாட்டினார். திருத்தவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு முறை வந்தபோது மகன் ஐம்பதைத் தாண்டியிருந்தான். அங்கிருந்த பெண், “நல்லா வந்துட்டாரு, யாரு வீட்ல நிறையப் பேசுறது?” என்று கேட்டார். ரொட்டிக்காரர் என்று சொல்ல வெட்கப்பட்டு, நான்தான் என்றேன்.

மூன்று வயது நெருங்கும்போது அது வந்தது.

ஒரு காலை எழுந்து வந்தவன், “அ..அ..அ..அம்மா” என்றான். விளையாட்டென்று நினைத்தேன். “எ..எ..எனக்கு பா..பா..பால்.” பகல் முழுக்க அப்படியே. மறுநாள் இன்னும் அதிகம். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக் காலால் தரையைத் தட்டினான். “ஒழுங்காப் பேசு” என்று நான் கத்தினேன். அவன் மிரண்டு போய் வாயைப் பொத்திக்கொண்டான்.

அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “நான் சொல்லல?” என்றார்.

அன்று ஐந்து மணிக்கு ஹார்ன் கேட்டதும் மகன் ஓடினான். நான் அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தனியாகக் கேட்டுக்கு வந்தேன். ரொட்டி அண்ணன் எஞ்சினை அணைத்தார். என் பின்னால் பிள்ளையைத் தேடினார்.

“அண்ணே, இனிமே எங்க வீட்ல நிக்க வேணாம். பையன் உங்கள மாதிரியே பேசுறான். தப்பா நெனச்சுக்காதீங்க.”

அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்தார். “த..த..த..” அன்றுபோல அவர் மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

“பரவால்லண்ணே, புரியுது” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என்ன புரிந்தது எனக்கு? ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல் திரும்பி வந்தேன், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்துத்தான் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து ஹார்ன் அக்கா வீட்டோடு நிற்கும். எங்கள் வீட்டைத் தாண்டி மூன்றாவது வீட்டில்தான் மறுபடி கேட்கும். நடுவே மோட்டாரைத் தள்ளிக்கொண்டே போவார். மகன் சன்னலில் ஏறி நின்று, “மா..மாமா போறாங்க” என்பான். பிறகு அதுவும் சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் அவன் பேச்சு சுருங்கிவிட்டது. வேண்டியதை மறுபடி விரலால் காட்ட ஆரம்பித்தான். திக்கல் போகவில்லை, பேச்சுதான் போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை.

தடுப்பூசிக்காகக் கிளினிக்குப் போனபோது அதே மிஸியிடம் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ரொட்டிக்காரரையும் சேர்த்து.

மிஸி சிரித்தார். “அதென்ன சளியா, ஒட்டிக்கிறதுக்கு? இந்த வயசுல நெறையப் பிள்ளைங்களுக்கு வரும்மா. சொல்ல வேண்டியது கூடிப்போச்சு, வாய் இன்னும் பழகல. முக்காவாசி தானாப் போயிடும். போகலன்னா பயிற்சி இருக்கு, பாத்துக்கலாம். நீங்க திட்டாதீங்க, அவசரப்படுத்தாதீங்க, அவர் சொல்ல வர்றத நீங்க சொல்லி முடிக்காதீங்க. முகத்தப் பாத்துக்கிட்டுக் காத்திருங்க. போதும்.”

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. மிஸி சொன்னதை எனக்கு வாரம் ஆறு நாள் ஒருவர் என் வாசலிலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

மன்னிப்பைக் குறுஞ்செய்தியாக எழுதினேன். எழுதியதை அழித்தேன். எழுதுவது எனக்கும் சுலபம், அவருக்கும் சுலபம். அதனாலேயே அது சரியில்லை என்று பட்டது. மறுநாள் மாலை மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்பே ரோட்டில் போய் நின்றேன். அவர் நின்றார். மோட்டாரைக் கால்தாங்கியில் நிறுத்தினார்.

“அண்ணே” என்றேன். அதற்குமேல் வரவில்லை. இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. “அன்னைக்கு நான்... வந்து... நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

வேறு யாராக இருந்தாலும், ‘விடுங்க, பரவால்ல’ என்று என்னைக் காப்பாற்றியிருப்பார்கள். அவர் காப்பாற்றவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. பயந்துவிட்டேன், தப்பு என்னுடையது, உங்களைப் பேசவிடாமல் போனது அதைவிடப் பெரிய தப்பு, மன்னிச்சிடுங்கண்ணே.

“ச..சரி தங்கச்சி” என்றார்.

“அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே, என்னண்ணே அது?”

இந்த முறை நான் காத்திருந்தேன்.

“த..த..தம்பியத் திட்டாதீங்கன்னு சொல்ல வந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “எங்கப்பா தி..திட்டுவாரு. அதான்.”

மகன் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிப் பெட்டியடியில் போய் நின்றுவிட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் அதைப் பார்க்கவில்லை, அவனுக்குச் சாக்லேட் பன் வேண்டும். “சா..சா..சா..” என்று தொடங்கினான். நாங்கள் இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முழுச் சொல்லும் வந்தது. அன்று மூன்று பன் தின்றான், நானும் தடுக்கவில்லை.

அவனுடைய திக்கல் நான்கைந்து மாதத்தில் எப்போது போனது என்று தெரியாமலே போய்விட்டது. இப்போது நாங்கள் பண்டார் தெங்காராவில் இருக்கிறோம். கணவருக்கு இங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுகிறார். மகன் பாலர் பள்ளியில், பேச்சு தாங்க முடியாமல் ஆசிரியை அவனை முன் வரிசையில் தன் மேசைக்கு அருகே உட்கார வைத்திருக்கிறார். வீடு மாறிய புதிதில் ரொட்டி அண்ணனுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பினேன். “தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் என் உளமார்ந்த நல்வாழ்த்துகள்” என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு அந்த எண் வேலை செய்யவில்லை.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மாசாயில் நாங்கள் இருந்த கடைசி மாதத்தின் ஒரு மாலை. மழை விட்டிருந்தது. பெட்டியைச் சுற்றி எங்கள் வரிசைப் பெண்கள், பிள்ளைகள், நாற்காலியில் சீனப் பெரியவர், அவர் மனைவி. அக்கா எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து, “ரெண்டு காயா பன்” என்றார்.

ரொட்டி அண்ணன் பெட்டிக்குள் பார்த்தார். “கா..கா..”

“என்ன, காத்து எறங்கிருச்சா டயர்ல?”

“கா..கா..”

“காலு வலியா? காய்ச்சலா? மழைல நனைஞ்சீங்களா?”

என் மகன் வாய் நிறைய பன்னோடு அக்காவை அண்ணாந்து பார்த்தான். மென்று, விழுங்கி, பொறுமையாகச் சொன்னான்:

“பெரிம்மா, இருங்க. மாமா இன்னும் முடிக்கல.”

அக்கா வாயை மூடினார். அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சீனப் பெரியவர்கூட நாற்காலியில் முன்னால் சாய்ந்து காத்திருந்தார். ரொட்டி அண்ணன் என் மகனைப் பார்த்தார், பிறகு எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டார்.

“கா..காயா பன் முடிஞ்சு போச்சு” என்றார்.

“ஓ” என்றார் அக்கா, வெகு மரியாதையாக. “அப்ப கெலாப்பா குடுங்க தம்பி.”